களஞ்சியத்துப் பூனைக்குட்டிக்கு ஆகாரம் கொடுக்கும் முறை

வயலில் எலி வெட்டுவதைத் தடுக்கக் கிட்டி வைக்கிறோம். வரப்பை ஒடுக்கி வெட்டுகிறோம். ஆந்தை வந்து உட்காரக் கவைக்குச்சி நடுகிறோம். அறுவடை முடிந்து தானியம் வீடு வந்து சேர்ந்ததும் அந்தக் கவலை பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. விற்பனைக்குரிய நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டாலும், விதை நெல்லும், சாப்பாட்டு நெல்லும், நிலக்கடலையும், மாட்டுத் தீவனமும் வீட்டிலும் கொட்டகையிலுமே இருக்கின்றன. எலி ஒரு நாளில் தன் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு தானியம் தின்னும் என்பது பொதுக் கணக்கு. 200 கிராம் எடையுள்ள வீட்டெலி நாளொன்றுக்கு 20 கிராம் வீதம் ஒரு வருஷத்தில் ஏழு கிலோவுக்கு மேல் தின்றுவிடுகின்றது. அது கொறித்துச் சிந்துவதும், புழுக்கையாலும் மூத்திரத்தாலும் கெடுப்பதும் இக்கணக்கில் சேரா. எலிக்காய்ச்சல் என்னும் நோய் அதன் மூத்திரத்தால் பரவுவதும் யாவரும் அறிந்ததே.

ஆதலால் ஒரு பூனை வளர்ப்போம் என்று நிலச்சுவான்தார்கள் கருதுவது நியாயமானதே. மனிதனும் பூனையும் கூடி வாழத் தொடங்கியது தானியக் களஞ்சியத்தை ஒட்டித்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷங்களுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்த செய்தி 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆயினும் நம் கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்றுண்டு: “குட்டி கொண்டுவந்து பத்து நாள் ஆகவில்லை, செத்துப்போயிற்று, எங்கள் வீட்டுக்குப் பூனை ராசியில்லை.” ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசாரித்துப் பார்த்தால், குட்டியைத் தாயிடமிருந்து வெகு சீக்கிரம் பிரித்ததும், பிரித்த பின் ஒரே வேளையில் அதிகமாகவும் பல மணி நேரத்துக்கு ஒரு முறையும் ஆகாரம் கொடுத்ததுமே காரணமாக இருக்கக் காண்கிறோம்.

பூனையினிடம் எவ்வளவு வேலையை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். பெருச்சாளியுடன் மோதும் பூனை அபூர்வம். சுண்டெலியும், வீட்டெலியின் இளங்குஞ்சுகளுமே அதற்கு எளிதில் அகப்படும் இரை. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் எல்ட்டன் என்னும் பிராணி நூலார், இங்கிலாந்தின் பண்ணைகளில் தாம் கண்டதை 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார். எலி மண்டிக் கிடக்கும் பண்ணையைப் பூனைகளால் சுத்தப்படுத்த இயலவில்லை. ஆனால் வேறு முறைகளால் எலிகளை ஒழித்த பிறகு, கட்டடங்களினருகில் ஆகாரம் கொடுத்து நிறுத்தப்பட்ட பூனைகள் மறுபடி எலி குடியேறாமல் காத்தன. இதிலே கவனிக்கத்தக்கது “ஆகாரம் கொடுத்து” என்பதே. அதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

தாயிடம் விட்டுவைத்தல்

பூனை சினையுற்று ஏறக்குறைய 63 முதல் 65 நாட்களில் ஈனுகின்றது. பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை அது ஏறவேண்டும். நான்கு வாரத்தில் 400 கிராமைத் தாண்டும். எட்டு வாரத்தில் 800 முதல் 900 கிராம் வரை இருக்கும். நாட்டுப் பூனைக் குட்டி இதற்குச் சற்றுக் குறைந்திருந்தாலும் குற்றமில்லை. ஏற்றம் நிற்காமலிருப்பதே முக்கியம்.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலின் வழியாகவே நோய் எதிர்க்கும் சக்தி குட்டிக்கு மிகுதியும் கிடைக்கின்றது. மாட்டுக் கன்றுக்குச் சீம்பால் ஊட்டுவதில் நாம் காட்டும் அக்கறையைப் பூனைக்குட்டிக்கும் காட்டவேண்டும். கண் திறந்து ஓடத் தொடங்கியவுடனே, அதாவது மூன்று நான்கு வாரத்திலேயே, குட்டியைக் கேட்டு வாங்கிப் போகும் வழக்கம் இருக்கின்றது. கொடுப்பவர்களும் தொல்லை விட்டது என்று கொடுத்துவிடுகிறார்கள். இது தவறு. எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கலாகாது; பத்து, பன்னிரண்டு வாரம் வரை விட்டுவைத்தால் இன்னும் நன்று. ஏனெனில் நான்காம் வாரத்துக்குப் பின் தாய் எலியைக் கொன்று கொண்டுவந்து குட்டிகளின் முன் போடும். பிறகு குற்றுயிராகக் கொண்டுவந்து விடும். களஞ்சியத்துக்கு வேண்டிய படிப்பு இதுவே. அதை நாம் கற்பிக்க முடியாது.

தாய் நன்றாகப் பால் கொடுக்கும்வரையில் குட்டிகளுக்கு மூன்றரை வாரம் வரை நாம் ஒன்றுமே புகட்ட வேண்டுவதில்லை. கொடுக்கவேண்டியது தாய்க்கு. நாலைந்து குட்டிகளுக்குப் பாலூட்டும் பூனைக்கு வழக்கத்தைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் ஆகாரம் தேவைப்படும். அதற்கு வேளை வைக்காமல், வேண்டியபோது தின்னும்படி மீனும் சோறும் தண்ணீரும் அருகில் இருத்தல் நலம். ஈன்ற பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கின்றது. அவ்வாறு செய்பவர்கள் பரணில் குட்டி இருக்கின்றதா என்று ஒரு முறை ஏறிப் பார்ப்பதுமில்லை.

தாயற்ற குட்டி

தாய் இறந்தாலும் காணாமற்போனாலும் வேறு வழியின்றி நாமே புகட்டவேண்டி வரும். குட்டியின் வயதை இவ்வாறு மதிக்கலாம்: கண் மூடியிருந்தால் ஒரு வாரம் அல்லது அதற்குச் சற்று மேல், கண் திறந்து தள்ளாடி நகர்ந்தால் இரண்டு வாரம், முன்பல் முளைக்கத் தொடங்கினால் மூன்று வாரம்.

எத்தனை முறை புகட்டுவது என்பதை ஒரு சிறு கணக்கே சொல்லிவிடும். 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 கலோரி உஷ்ண சக்தி வேண்டும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் மாவை விதிப்படி கரைத்தால் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய ஒரு கலோரி இருக்கும். ஆகவே நாளுக்கு 20 மில்லி தேவை. ஆனால் அதன் இரைப்பை ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் தாங்காது. ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி. அதாவது, முழுத் தேக்கரண்டி பாலே அதற்கு அதிகம்! காலையிலும் மாலையிலும் வயிறு முட்டப் புகட்டுவது ஏன் கேடாய் முடிகின்றது என்பது இதனால் விளங்கும்: புகட்டும்போது வயிறு ஊதுகின்றது, பாதி ராத்திரிக்குள் பட்டினி.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும் விடாமல், 2 முதல் 3 மில்லி வரை கொடுக்கவேண்டும். இரண்டாம் வாரத்தில் குட்டி 200 கிராம் ஆகும்போது நாளைக்கு 40 மில்லி. அதை மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை, வேளைக்கு 6 மில்லி அளவில் பங்கிடலாம். மூன்றாம் வாரத்தில் 300 கிராம் குட்டிக்கு 60 மில்லி. நாலு ஐந்து மணிக்கு ஒரு முறை போதும். நான்காம் வாரத்தில் 400 கிராம் இருந்தால் 80 மில்லியை ஐந்து வேளையாகக் கொடுக்கலாம். வயதைவிட எடையே அளவுக்கு ஆதாரம். மெலிந்த குட்டிக்கு அதன் வயதைப் பார்த்து அளந்து புகட்டினால் வயிற்றோட்டம் காணும்.

பசும்பாலையே கொடுத்தால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். தாய்ப் பூனையின் பாலிலுள்ள புரதச் சத்து பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. கொழுப்பும் அதில் மிகுதி. ஆகவே பசும்பாலில் பசியாறும் அளவு குடித்தால், அதிலுள்ள பாற்சர்க்கரை குட்டியின் குடலுக்கு மிஞ்சிவிடுகின்றது. அதனால் வயிறு கழிகின்றது. கழியும் குட்டி ஒரு நாளிலேயே வற்றிப்போகும். பால் கெட்டியாக இருக்கின்றதென்று தண்ணீர் கலந்து கொடுப்பது இன்னும் பிசகு. இருக்கும் சொற்பச் சத்தும் அதனால் குறைகின்றது. பால் மாவு நகரத்துக் கடைகளில் கிடைக்கின்றது. அது வந்து சேரும்வரை ஓரிரு நாளைக்கு மட்டும், காய்ச்சி ஆறவைத்த 250 மில்லி பாலில் இரண்டு கோழி முட்டையின் மஞ்சள் கருவை நன்றாக அடித்துக் கலந்து, சர்க்கரை சேர்க்காமல் கொடுத்து வரலாம். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் மறுநாளைக்கு அது உதவாது.

புகட்டும் விதத்திலும் ஆபத்து உண்டு. கைக்குழந்தைக்குச் செய்வதுபோல் குட்டியை மல்லாக்கப் போட்டுச் சங்கினாலோ பாலாடையினாலோ வார்க்கிறார்கள். பால் மூச்சுக்குழலில் இறங்கி, மூக்கில் நுரை தள்ளி, இரண்டு நாளில் சளி கட்டிக் குட்டி இறந்துபோகின்றது. தாயிடம் குடிக்கும்போது இருப்பதைப்போல் வயிறு தரையில் படும்படி குட்டியை வைத்து, தலையைச் சற்றே தூக்கி, ஊசி கழற்றிய சிறு ஸிரிஞ்சினால் சொட்டுச் சொட்டாக, அது விழுங்க விழுங்க விடவேண்டும். பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்துச் சப்பவைக்கும் முறையில் எவ்வளவு உள்ளே போயிற்றென்று தெரியாது. பஞ்சும் சேர்ந்து போகும். பால் உள்ளங்கை மணிக்கட்டில் விட்டுப் பார்க்க வெதுவெதுப்பாக இருக்கவேண்டும்.

பாலைவிடச் சூடு முந்தியது. தொட்டுப் பார்க்க உடம்பு சில்லென்றிருக்கும் குட்டிக்குப் பால் ஜீரணமாகாது. வயிற்றில் கெட்டு உப்பும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, மெல்ல மெல்ல உடம்பு சூடேறிய பிறகே புகட்டவேண்டும். மேலும், மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சிறுநீரும் மலமும் கழிப்பதில்லை. தாய் நக்கிக் கழிக்கச் செய்கின்றது. ஆதலால் ஒவ்வொரு முறை புகட்டியதும் வெந்நீரில் நனைத்த மெல்லிய துணியால் பின்புறத்தை மெதுவாகத் தடவிவிடுவது அவசியம். இதை அறியாததனால் வயிறு அடைத்து மாண்ட குட்டிகள் அநேகம்.

பால் மறக்கும் பருவம்

நான்காம் வாரத்தில் தட்டையான தட்டில் ஆகாரம் வைத்துப் பழக்கலாம். வேகவைத்து முள் நீக்கிய மீனையோ கோழிக்கறியையோ வெந்த நீரோடு கூழாக மசித்து, பால் மாவுக் கரைசல் சிறிது கலந்து, முதலில் வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி வைத்தால் போதும். விரலில் தொட்டு உதட்டில் தடவினால் நக்கத் தொடங்கும். முகத்தை அமுக்கித் தட்டில் தோய்க்கக் கூடாது. ஏழு எட்டு வாரத்துக்குள் பால் முற்றும் நின்றுவிடலாம். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இனி, நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழைக்கு வருவோம். அது பால்சோறும் தயிர்ச்சோறும். எட்டு வாரக் குட்டிக்கு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை. 10 கிராமுக்குக் குறையாமல் புரதமும் தேவை. அந்தக் கலோரியைச் சோற்றினாலேயே நிரப்புவதானால் 150 கிராம் சோறு தின்னவேண்டும். அதாவது, தன் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு தின்றாலும் நான்கு கிராம் புரதமே சேரும். நெல் ஜில்லா ஒன்றில் ஒரு பண்ணைக்குச் சென்றிருந்தபோது அவ்வீட்டு அம்மாள், “வயிற்றைப் பாருங்கள் ஐயா, மத்தளம்போல் இருக்கின்றது; நன்றாகத்தான் சாப்பிடுகின்றது” என்று ஒரு குட்டியைக் காட்டினார். இரண்டு மாதக் குட்டி அது. சமையலறைத் தராசில் நிறுத்தபோது 420 கிராம்தான் இருந்தது. முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. வயிற்றிலிருந்தது சோறும் புழுவும். கால்நடை வைத்தியரிடம் காட்டிப் புழு நீக்க மருந்து கொடுத்து, சோற்றைக் குறைத்து மீன் சேர்த்தபின் பதினைந்து நாளில் 600 கிராமைத் தாண்டிற்று. வட்டப்புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுவதால், மூன்றாம் வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து கொடுப்பது முறை. அளவு எடையைப் பொறுத்தது. அதை வைத்தியரே சொல்லவேண்டும்.

புரதம் மட்டுமன்று. டாரின் என்றொரு பொருள் பூனையின் கண்ணுக்கும் இருதயத்துக்கும் இன்றியமையாதது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-ஆம் ஆண்டிலும், இருதயம் வீங்கித் தளரும் என்று 1987-ஆம் ஆண்டிலும் நிரூபிக்கப்பட்டது. அது மாமிசத்திலும் மீனிலும் உண்டு. தானியத்திலும் பருப்பிலும் இல்லை. எலியின் உடம்பில் மிகுதியாக உண்டு. மரக்கறி உண்ணும் வீட்டார்க்கு இது சங்கடமான செய்தி என்பதை அறிவேன். அவர்கள் டாரின் சேர்த்து விற்கும் குட்டித் தீவனத்தை வாங்கி வைக்கலாம். இன்றேல் குட்டி வேட்டையாடும் வயது வரும்வரை அதைப் பண்ணையாட்கள் வீட்டில் வளரவிட்டு, அதன் செலவைத் தாம் கொடுக்கலாம். பூனையைத் தயிர்ச்சோற்றில் வளர்த்துப் புலால் மறக்கச் செய்யலாம் என்று எண்ணுவது மட்டும் ஆகாது.

எட்டு வாரக் குட்டிக்கு வீட்டிலேயே தயாரிப்பதானால், நாள் ஒன்றுக்கு வேகவைத்த மீன் அல்லது கோழிக்கறி 75 கிராம், அவித்த முட்டை பாதி, சோறு ஒரு சிறு பிடி என்பது ஏறக்குறைய சரியாக இருக்கும். டாரின் நீரில் கரைந்துவிடுவதால் வெந்த நீரைக் கொட்டாமல் அதிலேயே பிசைந்து வைக்கவேண்டும். வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து மிகவும் குறைவு. அதை மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால் வளையும், சிறு குதியில் எலும்பு முறியும். நெத்திலி போன்ற சிறு மீனை முள்ளோடு மெத்தென்று வேகவைத்து மசித்தால் இக்குறை நீங்கும். கிடைக்காத இடத்தில், காயவைத்து மாவாக இடித்த முட்டை ஓட்டுத் தூள் கால் தேக்கரண்டி சேர்க்கலாம். ஈரலைக் குட்டி விரும்பித் தின்னும். ஆயினும் தினந்தோறும் கொடுத்தால் ‘ஏ’ வைட்டமின் மிஞ்சி எலும்பைக் கெடுக்குமாதலால் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மிஞ்சிய மீன் குழம்பை ஊற்றுவதும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த கோழியெலும்பு சிம்பாய் உடைந்து தொண்டையில் குத்தும்.

இந்த ஆகாரத்தை நாலு மாதம் வரை நான்கு வேளையாகவும், அதன்பின் ஆறு மாதம் வரை மூன்று வேளையாகவும், பிறகு இரண்டு வேளையாகவும் கொடுக்கவேண்டும். வளர வளர மொத்த அளவு கூடும். மாதத்துக்குச் சுமார் 450 கிராம் எடை ஏறிவந்தால் அளவு சரியென்று கொள்ளலாம். வெறும் கண் மதிப்பு இதில் ஏமாற்றும். வாரத்துக்கு ஒரு முறை நிறுத்து, களஞ்சியக் கதவிலேயே எழுதி வைப்பது எளிது. தாயற்ற சிறு குட்டியைத் தினந்தோறும் நிறுக்கவேண்டும். அது ஒரு நாள் எடை ஏறாவிட்டால் கவனிக்கவும், மறுநாளும் ஏறாவிட்டால் வைத்தியரிடம் கொண்டுபோகவும்.

பட்டினி போட்டால் வேட்டையாடுமா?

“வயிறு நிறைந்த பூனை எலி பிடிக்காது” என்பது பலருடைய திடமான அபிப்பிராயம். அதனாலேயே ஆறு மாதக் குட்டியைக் கொட்டகையில் விட்டு ஆகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். பூனைக்கு வேட்டை வேறு, பசி வேறு. ஆடமெக் என்பவர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், தமக்குப் பிடித்த ஆகாரத்தைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் எதிரே எலியை விட்டபோது, அவை தட்டை விட்டெழுந்து எலியைக் கொன்று, தட்டினருகே இழுத்து வந்து போட்டுவிட்டு, மறுபடி பழைய ஆகாரத்தையே தின்றன. பட்டினிப் பூனையோ நம் களஞ்சியத்தைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திராது. அது அயல்வீட்டுச் சமையலறையையும், கோழிக்குஞ்சுகளையும், குப்பைமேட்டையும் தேடிப் போய்விடும். எல்ட்டன் கண்ட பண்ணைப் பூனைகள் கட்டடத்தை விட்டு நீங்காமல் இருந்ததும் அங்கே கிடைத்த ஆகாரத்தினாலேயே. இரு வேளை ஆகாரத்தையும் களஞ்சியத்தின் அருகிலேயே, குறித்த நேரத்தில் வைக்கவேண்டும். தின்று மிஞ்சியதை எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அதைத் தின்ன எலியே வரும்.

பெண் குட்டி நாலைந்து மாதத்திலேயே சினைக்கு வரக்கூடும். ஒரு களஞ்சியத்துக்கு நன்கு உண்ணும் பூனை ஒன்றிரண்டு இருப்பது, மெலிந்த பூனை பத்து இருப்பதைவிட மேலானது. ஆகவே கருத்தடை செய்வித்துவிடுவது நல்லது. மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடவேண்டும். குட்டியோடு விளையாடுபவர்கள் குழந்தைகள் என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்வது உபகாரமாகும்.

பூனை வளர்க்கும் வீட்டில் எலி மருந்து வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. புரோமோடயலோன் என்னும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரிகின்றது. அத்தகைய எலி குட்டிக்கும் எளிதில் அகப்படும். எலியின் ஈரலில் தங்கிய மருந்து பூனையின் இரத்தத்தையும் உறையவிடாமற் செய்யும். துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையைத் தின்ற எலியின் வயிற்றில் மிஞ்சியிருப்பதும் பூனைக்கு நஞ்சே. ஆகையால் எலி மிகுந்துள்ள களஞ்சியத்தில் முதலில் மருந்தோ கிட்டியோ வைத்து, செத்த எலிகளைத் தினந்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்து, மிஞ்சிய மருந்தையும் அப்புறப்படுத்தி, சில வாரம் சென்ற பின்பே பூனையை உள்ளே விடவேண்டும். அதன்பின் கிட்டியைத் தவிர மருந்து வேண்டாம். பூனைக்கு ஈறு வெளுத்து, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் கண்டால் தாமதியாமல் கால்நடை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும். புரோமோடயலோன் நஞ்சுக்குக் ‘கே’ வைட்டமின் மாற்று மருந்தாக இருக்கின்றது. எந்த மருந்து வைத்தோம் என்பதை அறிய அதன் உறையையும் கையோடு எடுத்துச் செல்லவேண்டும்.